உப்பு எங்கே என்று கேட்டவர்

"நல்ல ஒயின்தான். ஆனால் இது அல்பரீன்யோ இல்லை" என்று அந்த அம்மா சொன்னது 2009 ஜனவரியில், தெற்கு ஆஸ்திரேலியாவில் வார இறுதிகளில் நான் ஊற்றிக்கொடுத்த ஒயின் ஆலைக் கவுண்டரில். அல்பரீன்யோ என்பது ஸ்பெயினில் விளையும் ஒரு வெள்ளை ஒயின் திராட்சை; எங்கள் பாட்டில் லேபிளில் இருந்த பெயரும் அதுதான். அவர் சொன்னதைவிட, அதற்கு நான் சொன்ன பதில்தான் இன்னும் உறுத்துகிறது.

பதிலில் தப்பான வார்த்தை ஒன்றும் இல்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். "உங்கள் ஊரில் கருங்கல் மண், அட்லாண்டிக் மழை. இங்கே தெற்கு ஆஸ்திரேலிய வெயில். திராட்சை ஒன்றுதான், மண் மாறினால் சுவையும் மாறும்." கவுண்டரில் இன்னும் நான்கு பேர் கிளாஸோடு நின்றிருந்தார்கள். நான்கு பேரும் தலையாட்டினார்கள்.

அந்த அம்மாவுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். சொந்த ஊர் கம்பாதோஸ். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், ரியாஸ் பைஷாஸ் வட்டாரத்தில் இருக்கிற ஊர். 1953-லிருந்து ஆகஸ்டில் அல்பரீன்யோவுக்கென்றே திருவிழா நடத்துகிறார்கள். அங்கே கருங்கல் தூண் நட்டுப் பந்தல் போட்டுத்தான் திராட்சைக் கொடியை ஏற்றுவார்களாம். மழை ஊர், தரை ஈரம் பழத்தை அழுகவைத்துவிடும். சின்ன வயதில் பந்தலுக்கு அடியில் நின்று, கையைத் தலைக்கு மேலே தூக்கியே பறிப்பேன் என்று சொன்னார். சொல்லும்போது கை தானாக மேலே போனது.

அப்புறம் கிளாஸை இன்னொரு முறை சுழற்றி முகர்ந்தார். ஒரு மிடறு வாயில் வைத்திருந்து விழுங்கினார். "உப்பு எங்கே?" என்றார்.

"கடல் எங்களுக்குக் கொஞ்சம் தூரம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்த பையன் எதையோ தப்பாகச் சொல்லும்போது பெரியவர்கள் திருத்தாமல் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

ஏப்ரலில் செய்தி வந்தது. முந்தின வருடம் வந்திருந்த ஜான்-மிஷேல் பூர்சிக்கோ, இலையையும் கொடியையும் பார்த்தே திராட்சை வகையைச் சொல்கிற பிரெஞ்சு நிபுணர், இங்கே அல்பரீன்யோ என்று வளர்க்கிற கொடிகளைப் பார்த்துச் சந்தேகம் கிளப்பியிருந்தார். ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. செய்த டிஎன்ஏ சோதனையில் அது உறுதியானது. 1980-களின் கடைசியில் ஸ்பெயினின் திராட்சைக் கொடித் தொகுப்பிலிருந்து நடவுக்கு வந்த குச்சிகளே பெயர் மாறி வந்தவை. நாங்கள் ஊற்றிக்கொண்டிருந்தது சவான்யான். பிரான்சின் ஜூரா மலைப்பக்கத்துத் திராட்சை. அங்கே அதைப் பீப்பாயில் ஆறு வருடத்துக்கு மேல் வைத்து 'வேன் ஜோன்' என்று மஞ்சள் ஒயின் செய்வார்கள். அந்த அம்மாவின் ஊர்ப் பக்கத்து அல்பரீன்யோ அது இல்லை.

நான் பொய் சொல்லவில்லை. இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். நட்டவருக்கும் தெரியாது, ஒயின் செய்தவருக்கும் தெரியாது. அத்தனை வருடம் குடித்து எழுதியவர்களுக்கே தெரியாதபோது, வார இறுதியில் கவுண்டரில் நின்று ஊற்றுகிறவனுக்கு என்ன தெரியும்?

ஆனால் கொஞ்சம் தெரிந்திருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பயிற்சிக்காக ஸ்பெயின் பாட்டில் ஒன்றை எங்கள் பாட்டிலோடு பக்கத்தில் வைத்து ருசி பார்த்தோம். அதில் எலுமிச்சைத் தோல், பீச் பழம், கடைசியில் நாக்கோரம் சுருக்கென்று ஒரு கரிப்பு. எங்களுடையது கனமாக இருந்தது, பேரிக்காய் வாசனை, லேசாக மசாலா நெடி. என் நோட்டுப் புத்தகத்தில் "வேற மாதிரி இருக்கு" என்று எழுதினேன். மூத்தவரிடம் கேட்டபோது, "மண்" என்றார். ஒரே வார்த்தை. நான் அதற்கு மழையும் வெயிலும் சேர்த்து அந்த அம்மாவிடம் ஒப்பித்தேன்.

மண் என்ற பதிலில் வசதி என்னவென்றால், அது பெரும்பாலும் உண்மை. ஒரே திராட்சை இரண்டு ஊரில் இரண்டு விதமாகத்தான் ருசிக்கும். அதனால் எந்த வித்தியாசத்தைக் காட்டினாலும் அதை அங்கே கொண்டுபோய்ப் போட்டுவிடலாம். திராட்சையே வேறு என்றாலும்கூட!

சரி, அந்த அம்மாவுக்கு மட்டும் என்ன நிச்சயம்? பூர்சிக்கோவின் துறையில் சாட்சி இலையும் கொடியும்தான், கிளாஸ் இல்லை. நாக்கை மட்டும் நம்பிச் சொன்னவர் ஊர்ப்பாசத்தில் சொல்லியிருக்கலாம். அவர் சொன்னது பலித்துவிட்டதால் நான் அவரைப் பெரிய ஆளாக்கிவிட்டேனோ என்னவோ. ஏப்ரலுக்கு அப்புறம் "எனக்கு அப்பவே சந்தேகம்" என்று சொன்னவர்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். நோட்டுப் புத்தகக் கதையைச் சொல்லும் நானும் அந்த வரிசையில்தான் நிற்கிறேன்.

பார்வையாளர் பதிவேட்டில் அவருடைய மின்னஞ்சல் முகவரி இருந்தது. நீங்கள் சொன்னது சரி, மன்னிக்கவும் என்று நான்கு வரி எழுதி முதலாளியிடம் காட்டினேன். "அவங்க கேட்டா சொல்லலாம், நாமா எதுக்கு?" என்றார். பழைய லேபிளோடு 2008 சரக்கு இன்னும் அலமாரியில் இருந்த நேரம் அது. அவர் பயமும் புரிந்தது. என் சொந்தக் கணக்கிலிருந்து அனுப்பியிருந்தால் அவருக்குத் தெரியவே போவதில்லை. அதையும் நான் செய்யவில்லை. முதலாளி வேண்டாம் என்றார் என்று சொல்லிக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

பதிவேட்டில் அன்றைய பக்கத்தை ஒருநாள் திருப்பிப் பார்த்தேன். மற்ற நால்வரும் "அல்பரீன்யோ அருமை" என்று எழுதியிருந்தார்கள். அவர் எழுதியது "நல்ல ஒயின், நன்றி". அவ்வளவுதான்.

அந்தச் சரக்கில் ஒரு பாட்டில் வாங்கி வைத்திருந்தேன். போன வருடம் திறந்தேன். நிறம் நன்றாக மஞ்சளித்திருந்தது. ஊற்றி, அவரைப் போலவே வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். நாக்கோரத்தில் கரித்தது. உப்பேதான். மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "இவ்வளவு நேரம் மிக்சர் தின்னுட்டு இருந்தீங்களே" என்றாள்.