கம்பி இறங்கும் ஆழம்

ஜூன் 2

வழிகாட்டி ஐயா இன்றும் போனை எடுக்கவில்லை. காலையில் இரண்டு முறை, மாலையில் ஒரு முறை.

ஜூன் 3

தக்காளி முளைத்துவிட்டது. மண்ணைத் தூக்கிக்கொண்டு வளைந்து நிற்கிற அந்த ஒரு நாளைப் பார்க்க ஐந்தரைக்கே போய்விட்டேன். விதைப்பதற்கு முன் ஈரத்துணியில் 100 விதை முடிந்து வைத்ததில் 86 முளைத்தன. ஐயாவிடம் சொன்னபோது, "மீதி 14-ஐ நினைச்சு ஏன்மா வருத்தப்படுறே? எவ்வளவு கூடுதலா விதைக்கணும்னு அதுதானே சொல்லுது" என்றார். மே 26. அதற்குப் பிறகு பேச்சில்லை.

ஜூன் 5

ஐயாவின் மகள் பேசினார். நுரையீரல். ஐந்து நாளாக ஆஸ்பத்திரி. பேசக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்களாம். "உங்களுக்கு மட்டும் ஒண்ணு கேக்கச் சொன்னார். கம்பியைக் குத்திப் பாத்தாச்சான்னு. எனக்கு ஒண்ணும் புரியல, உங்களுக்குப் புரியுமா?"

புரியும் என்றேன். இன்னும் குத்தவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

ஜூன் 6

ஜனவரியில் முதல் தடவை வந்தபோது நான் எழுதி வைத்திருந்த பயிர்த்திட்டத்தை அவர் திறக்கவே இல்லை. 22 பக்கம். வண்டியிலிருந்து இடுப்பளவு கம்பியை எடுத்து வந்து மண்ணில் ஊன்றி அழுத்தினார். ஒரு சாண் இறங்கி நின்றது. பத்தடி தள்ளி அழுத்தினார். அங்கும் ஒரு சாண். தட்டு கட்டியிருக்கிறதா, அதாவது அடிமண் இறுகிப் பலகையாகியிருக்கிறதா என்று அவசரமாகக் கேட்டேன். எங்கேயோ படித்திருந்தேன்.

"இப்ப பேசுறது வறட்சிம்மா. காஞ்ச மண்ணு எல்லாமே கல்லு மாதிரிதான் இருக்கும். நல்ல மழை பெஞ்சு, ஒரு நாள் விட்டுக் குத்து. 20 இடத்துல குத்திட்டு வா. ஒரு இடத்துல குத்திட்டு எனக்கு போன் பண்ணாதே."

பிறகு ஒரு களையைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். ஆணிவேர் நேராக இறங்கி, ஒரு சாண் ஆழத்தில் முழங்கையை மடக்கியதுபோல் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. வருஷக்கணக்கில் ஒரே ஆழத்தில் ஓட்டினால், அதுவும் ஈரத்தில் ஓட்டினால், கலப்பைக்குக் கீழே உள்ள மண் அழுந்தி அழுந்திப் பலகையாகிவிடும். தண்ணீர் அதற்குமேல் தேங்கும். வேர் திரும்பிக்கொள்ளும். இதையெல்லாம் அவர் சொல்லவில்லை, நான் பிறகு தேடிப் படித்தது. அவர் வேரைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அந்தக் களை காய்ந்து இந்த நோட்டுக்குள்தான் இருக்கிறது.

மழை இன்னும் வரவில்லை.

ஜூன் 8

மேகம் மட்டும்.

ஜூன் 9

விவசாயத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு வழிகாட்டியைச் சேர்த்துவிடும் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் அழைத்தார். வழிகாட்டி நீண்ட நாள் வர முடியாமல் போனால் வேறொருவரை மாற்றித்தர விதி இருக்கிறதாம். நல்லவர், அனுபவம் அதிகம், பசுமைக்குடிலுக்குள் பயிர் செய்பவர். 22-ஆம் தேதிக்குள் சொல்ல வேண்டும்.

போனை வைத்ததும் கோபம் வந்தது. ராத்திரி யோசித்தால் அவர்கள் செய்வது சரிதான். புதிதாக வருகிறவருக்கு ஒரு பருவம் போனால் ஒரு வருஷம் போகிறது. அதைக் காப்பாற்றத்தானே இந்தத் திட்டம்?

1989-இல் இந்தோனேசியாவில் தொடங்கிய வயல்வெளிப் பள்ளிகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அங்கே ஒருவரை நம்பி ஒருவர் இல்லை. ஊர் விவசாயிகள் இருபது இருபத்தைந்து பேர் வாரம் ஒருமுறை நெல் வயலில் இறங்கிப் பார்த்து, பார்த்ததைப் பெரிய தாளில் வரைவார்கள். நடுவில் பயிர், ஒரு பக்கம் தின்னும் பூச்சி, மறுபக்கம் அந்தப் பூச்சியைத் தின்னும் பூச்சி. மருந்து அடிப்பதா வேண்டாமா என்பது அதற்குப் பிறகுதான். ஐயாவும் என்னை இப்படித்தான் வரையச் சொல்வார். அவருக்கு இது எங்கிருந்து வந்தது என்று கேட்டதே இல்லை.

ஒருவருக்கு ஒருவர் என்று சேர்த்துவிடுவதில் இருக்கிற ஆபத்து இன்று தெரிகிறது. அவருக்கு மூச்சு வாங்கினால் என் வயலில் எல்லாம் நின்றுவிடுகிறது. ஆனால் என் மண்ணில் பிடுங்கிய களையைக் கையில் வைத்துப் பார்த்தவர் அவர் ஒருவர்தானே. வேறொருவருக்கு நான் எங்கிருந்து தொடங்குவேன்?

ஜூன் 11

நாற்று சரிகிறது. ஓரத்தில் ஒரு கை அகலத்துக்கு. தண்டு மண்ணை ஒட்டிய இடத்தில் நூலாக மெலிந்து, மேலே இலை இன்னும் பச்சையாகவே இருக்கிறது. அதுதான் தாங்க முடியவில்லை.

என்ன மருந்து என்று அவருக்கு அனுப்பப் போய் நிறுத்தினேன். "நீ என்ன பாத்தே?" என்றுதான் வரும். சரி, என்ன பார்த்தேன்? ஓரத்தில் மட்டும். அந்தப் பக்கம் நெருக்கமாக விதை விழுந்திருக்கிறது. மண் மதியத்திலும் ஈரமாக, மேலே லேசாகப் பாசி. நாலு நாளாக வெயிலுக்குப் பயந்து மாலையிலும் தண்ணீர் தெளித்தேன். காலையில் மட்டும் போதும் என்று அவர் மார்ச்சிலேயே சொன்னார், எழுதி வைத்திருக்கிறேன், தேதியோடு. ராத்திரி முழுக்க ஈரத்தில் நின்றால் அழுகல் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்.

சரிந்ததையும் சுற்றியுள்ள மண்ணையும் அள்ளி அப்புறப்படுத்தினேன். நெருக்கத்தைக் கலைத்தேன். காற்றோட்டம். மாலைத் தண்ணீர் இல்லை.

ஜூன் 12

சரிந்தவை 9. உழவு டிராக்டர்காரர் நாளை சனிக்கிழமை வருகிறேன் என்கிறார். உளிக்கலப்பை இருக்கிறது, ஒரே ஓட்டில் தட்டை உடைத்துவிடலாம், மண் காய்ந்திருக்கும்போதே ஓட்டினால்தான் உடையும் என்கிறார். அது உண்மை. ஈரத்தில் ஓட்டினால் கத்தி போலக் கீறிக்கொண்டு போகும், பலகை நொறுங்காது. ஆக, பார்க்க மழை வேண்டும், உடைக்க மழை வரக்கூடாது. தட்டு எங்கே இருக்கிறதென்றே தெரியாமல் வயல் முழுக்கக் கிழிக்கவா?

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு கை நடுங்கியது.

ஜூன் 13

சரிந்தவை 2.

ஜூன் 14

இன்று எதுவும் சரியவில்லை.

மாதப் படிவம் வந்திருக்கிறது. எத்தனை மணி நேரம் பேசினீர்கள், எத்தனை முறை வயலுக்கு வந்தார், என்னென்ன ஆலோசனை தந்தார். ஜனவரியிலிருந்து நோட்டைப் புரட்டினேன். ஆலோசனை என்று எடுத்தால் ஏழெட்டுத் தேறும். மற்றதெல்லாம் கேள்வி. தண்ணீர் விட்டதும் முதலில் எங்கே தேங்குது? போன பயிரோட கட்டை எங்கே இன்னும் நிக்குது? மண்புழு எந்தப் பக்கம்? அந்த ஓரத்துல மட்டும் புல்லு ஏன் கரும்பச்சையா இருக்கு? எண்ணிப் பார்த்தேன், 41. படிவத்தில் கேள்விகளுக்கு இடமில்லை. ஆலோசனைக் கட்டத்துக்குள்ளேயே 41-ஐயும் எழுதத் தொடங்கினேன். பாதியில் இருக்கிறது.

ஜூன் 16

மழை. ராத்திரி இரண்டு மணிக்கு ஆரம்பித்து விடியும்வரை. தூங்கவில்லை.

ஜூன் 17

ஒரு நாள் விட வேண்டும். வயல் பக்கம் போகாமல் இருப்பதற்காகவே வீட்டைக் கழுவினேன்.

ஜூன் 18

20 இடம். ஒவ்வொன்றுக்கும் காலடி எண்ணி, வரைபடத்தில் புள்ளி வைத்து, எங்கே கை திணறியதோ அங்கே கட்டை விரலால் கம்பியைப் பிடித்து அளந்தேன். 12 இடத்தில் ஒரு சாண்தான். டிராக்டர் திரும்புகிற இரண்டு தலைமாட்டிலும் அதைவிடக் குறைவு. கிழக்கு ஓரமாக நீளவாக்கில் 6 இடத்தில் மட்டும் கம்பி முழங்கால் ஆழம் வரை சறுக்கிக்கொண்டு போனது. முதல் முறை அப்படிப் போனபோது நான் விழப் பார்த்தேன்.

கிழக்கு ஓரம். எனக்கு முன் இந்த நிலத்தை வைத்திருந்தவர் துவரை போட்டிருந்த இடம். கட்டை இன்னும் நிற்கிறது. போன பயிரோட கட்டை எங்கே நிக்குது என்று ஐயா பிப்ரவரியில் கேட்டார்! துவரை வேர் பலகையைத் துளைத்துக்கொண்டு போயிருக்கிறது. அழுகிப்போன வேரின் வழியாகத்தான் என் கம்பியும் இறங்கியிருக்க வேண்டும்.

முடிவு செய்துவிட்டேன். தக்காளி கிழக்கு ஓரத்தில் மட்டும். மற்ற இடத்தில் துவரையும் சணப்பும் விதைக்கிறேன். மண் நன்றாகக் காய்கிற காலத்தில் தலைமாட்டை மட்டும் உளிக்கலப்பையால் ஓட்டலாம். யாரையும் கேட்காமல் எடுத்த முதல் முடிவு. வரைபடத்தைப் படமெடுத்து மகளுக்கு அனுப்பினேன்.

ஜூன் 19

பார்த்துவிட்டதாகக் காட்டுகிறது. பதில் இல்லை.

ஜூன் 20

நாற்றுக்குத் தண்ணீரைக் குறைத்துவிட்டேன், தண்டு முறுகட்டும். ஒருங்கிணைப்பாளர் மறுபடி அழைத்தார். திங்கட்கிழமை சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 21

மகளின் போனிலிருந்து குரல் பதிவு. 11 விநாடி. பாதி மூச்சு.

"பதினாலாவது இடத்துல... ஏம்மா ரெண்டு புள்ளி?"

எட்டு முறை கேட்டுவிட்டேன். குரல் இருக்கிறது. அவர் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்.

பதினான்கு கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. முதலில் குத்தியபோது ஒரு சாணில் நின்றது. ஒரு அடி தள்ளிக் குத்தினேன், இறங்கியது. இறங்கியதையே கணக்கில் எழுதிக்கொண்டேன். கிழக்கு முழுக்க இறங்க வேண்டும் என்று அதற்குள் எனக்கு ஆசை வந்துவிட்டிருந்தது. அடித்துவிட்ட முதல் புள்ளியைத்தான் அவர் கேட்கிறார்.

மண்ணில் ஈரம் இன்னும் இருக்கிறது. நாளை விடிந்ததும் பதினான்கைச் சுற்றி ஒரு அடிக்கு ஒன்றாக