சூடான குருணையும் டைட்ரேஷன் அண்ணனும்

பெங்களூரு பொம்மசந்திராவில் ஒரு மாத்திரைத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். மாத்திரையாக அழுத்துவதற்காக ட்ரையரில் காய்ந்து இறங்கும் மருந்துக் குருணையில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று சொல்வது என் பொறுப்பு. ஈரம் கூடினால் குருணை அச்சில் ஒட்டும். ரொம்பக் காய்ந்துவிட்டால் மாத்திரையின் மேல்பகுதி மூடி மாதிரி கழன்றுவரும்.

இதை வருஷக்கணக்காகப் பார்த்து வந்தவர் எங்கள் டைட்ரேஷன் அண்ணன். ஆம்பூர்க்காரர், அல்சூரில் குடியிருக்கிறார். அவருடையது 1935-இல் வெளியான கார்ல் ஃபிஷர் முறை. ஒரு நீர் மூலக்கூறுக்கு ஒரு அயோடின் மூலக்கூறு செலவாகும். செலவான அயோடினைக் கணக்கிட்டால் தண்ணீரின் அளவு வந்துவிடும். இப்படிக் கரைசலைச் சேர்த்து அளப்பதுதான் டைட்ரேஷன். பழைய கரைசலின் பிரிடின் நாற்றம் சட்டையோடு வீட்டுக்கே வரும் என்பார்.

அப்புறம் எங்களுக்கு என்ஐஆர் கருவி வந்தது. அண்மை அகச்சிவப்பு ஒளி, அதாவது 780 முதல் 2500 நானோமீட்டர் வரை. கண்ணாடிக் குப்பியில் குருணையைப் போட்டு வைத்தால் போதும், அரை நிமிஷத்தில் எண் வரும். கண்ணாடி இந்த ஒளியை அநேகமாக அப்படியே விட்டுவிடும்.

இது நடக்கும் விதம் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். மூலக்கூறுக்குள் இருக்கும் பிணைப்புகள் வீணைத் தந்தி போல அதிர்கின்றன. தண்ணீரின் அடிப்படை அதிர்வு 3000 நானோமீட்டர் பக்கம் இருக்கிறது. என்ஐஆரில் நாம் பார்ப்பது அதன் மேற்சுரங்களையும் (அடிப்படையின் மடங்கு போன்றவை), இரண்டு அதிர்வுகள் சேர்ந்து வரும் கூட்டுச் சுரங்களையும். தண்ணீர் ஒளியை உறிஞ்சும் இடம் வரைபடத்தில் மேடாகத் தெரியும்: 1450 நானோமீட்டரில் ஒரு மேடு, 1940-இல் அதைவிடப் பெரிய மேடு. இவை அடிப்படைச் சுரத்தைவிடப் பல மடங்கு மெலிந்தவை. அதனால்தான் ஒளி தூளுக்குள் கொஞ்ச தூரம் போய்த் திரும்ப முடிகிறது. மாதிரியை அரைக்கவோ கரைக்கவோ வேண்டியதில்லை.

ஆனால் குருணையில் இருக்கும் லாக்டோஸிலும் ஸ்டார்ச்சிலும், தண்ணீரில் இருப்பது போலவே ஓ-ஹெச் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன்) பிணைப்பு உண்டு. எல்லா மேடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கும். தண்ணீரை மட்டும் பிரித்தெடுக்க, ஈரம் தெரிந்த மாதிரிகள் நிறைய வேண்டும். அமெரிக்க வேளாண் துறையில் கார்ல் நாரிஸ் தானியத்தின் ஈரத்தை அளக்க இந்த வழியைப் போட்டுக்கொடுத்தார். நாங்களும் அப்படித்தான் காலிப்ரேஷன் செய்தோம், அதாவது ஒளியின் அளவை ஈரமாக மாற்றும் கணக்கைக் கருவிக்குக் கற்றுக்கொடுத்தோம். அந்த "தெரிந்த ஈரம்" ஒவ்வொன்றும் அண்ணன் கையால் வந்தது.

போன ஜூலையில் ஒருநாள் கருவி 1.6 சதவீதம் என்றது. அண்ணன் 2.1 என்றார். திரும்பச் செய்யச் சொன்னோம், நானும்தான் சொன்னேன். மூன்று முறை செய்தார், 2.1-ஐ விட்டு நகரவில்லை. அவர் கை நடுங்கியிருக்குமோ என்று நான் நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இன்றும் வருத்தம்தான்.

அவர் என் மேசைக்கு வந்து குப்பியைத் தொட்டார். "ஏம்மா, இது இன்னும் சூடா இருக்கே?"

அவ்வளவுதான் விஷயம். சூடு ஏறினால் நீர் மூலக்கூறுகளுக்கு இடையிலான ஹைட்ரஜன் பிணைப்பு தளரும். 1450 மேடு குறைந்த அலைநீளத்துப் பக்கம் நகரும். எங்கள் காலிப்ரேஷன் மாதிரிகள் எல்லாம் ஏசி அறையில் ஆறியவை. ட்ரையரிலிருந்து நேராக வந்த குருணையை அந்தக் கணக்கு பார்த்ததே இல்லை. மேடு நகர்ந்ததை ஈரம் குறைந்ததாக எடுத்துக்கொண்டது. குப்பியை இறுக மூடி ஆறவைத்து மறுபடி பார்த்தேன். 2.0.

அடுத்த மூன்று வாரம் வெவ்வேறு பேட்ச், வெவ்வேறு சூடு என்று 60 மாதிரிகள் எடுத்தோம். ஒவ்வொன்றையும் அண்ணன் இரண்டு முறை டைட்ரேட் செய்தார். அதில் சிலவற்றைக் கணக்கில் சேர்க்காமல் தனியே வைத்து, புதிய காலிப்ரேஷனைச் சோதிக்கப் பயன்படுத்தினோம். இப்போது சூடான குருணைக்கும் சரியாகச் சொல்கிறது.

கருவி விற்க வருபவர்கள் "இனி டைட்ரேஷன் மேசையே வேண்டாம்" என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். லாக்டோஸ் தரும் கம்பெனி மாறினாலே, துகளின் பருமன் மாறினாலே மறுபடி அவரிடம்தான் போய் நிற்கவேண்டும்.

வேலை முடிந்த அன்று திரையில் எல்லா நிறமாலைகளையும் ஒன்றாகப் போட்டு அவருக்குக் காட்டினேன். 1940-இல் விரலை வைத்து, "நம்ம தண்ணி இதுதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்போ 1450-இல் இருப்பது என்ன என்றார். ஷிப்ட் பஸ் ஹாரன் அடிக்கும்வரை அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.