எங்கள் எண்ணிலிருந்து நாங்கள் பேசாத அழைப்புகள்

காவிரிப் படுகையின் சிற்றூர் ஒன்றில் நான் வங்கிக் கிளையின் துணை மேலாளராக இருந்தபோது, 2023 ஜூன் மாதத்தில், சாலைப் பணிக்காகப் பள்ளம் தோண்டியவர்கள் கேபிளை அறுத்துவிட்டதால் கிளையின் தரைவழித் தொலைபேசி மூன்று நாள்களாகச் செத்துக் கிடந்தது. மூன்றாம் நாள் முற்பகலில், கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவர், கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து, “இப்பதானே சார் பேசுனீங்க, அதுக்குள்ள நாப்பத்தெட்டாயிரம் போயிருச்சே!” என்றார்.

கிளையிலிருந்து யாரும் பேசவில்லை என்று நான் சொன்னதும், அவர் தம் செல்பேசியை என் மேசைமீது வைத்தார். வந்த அழைப்புகளின் பட்டியலில் ‘பேங்க் மேனேஜர்’ என்று இருந்தது. தொட்டுப் பார்த்தால் எங்கள் ஊரின் எஸ்டிடி குறியீட்டோடு எங்கள் கிளையின் எண்ணேதான். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் எண்ணை அவர் அந்தப் பெயரில் சேமித்து வைத்திருந்தார். அதனால், மோசடிக்காரன் தன்னை யாரென்று சொல்லிக்கொள்ளும் முன்பே அவருடைய செல்பேசியே அவனை மேலாளர் என்று அறிமுகப்படுத்திவிட்டது. நான் பதில் சொல்லத் தெரியாமல் மேசையிலிருந்த ரிசீவரை எடுத்து அவரிடம் நீட்டினேன். அதில் எந்தச் சத்தமும் இல்லை. அவர் அதைக் காதில் வைத்தபடி வெகுநேரம் நின்றுவிட்டு, “அப்ப பேசுனது யாரு சார்?” என்று கேட்டார்.

அன்று மாலைக்குள் மேலும் ஐந்து பேர் இதே புகாரோடு வந்தார்கள். தொலைபேசி இயங்கியிருந்தால் திட்டிவிட்டு வைத்திருப்பார்கள். அது இயங்காததால் நேரிலேயே வந்து திட்டினார்கள்.

அவர்களுக்கு நான் சொன்ன விளக்கம், தபால் உறையின் ‘அனுப்புநர்’ முகவரிதான். உறையின் மூலையில் யாருடைய முகவரியை வேண்டுமானாலும் எழுதி யாரும் பெட்டியில் போடலாம். அஞ்சலகம் அதைச் சரிபார்ப்பதில்லை, பெறுநர் முகவரியைப் பார்த்துக் கொண்டுசேர்ப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. திரையில் தோன்றும் அழைப்பவர் எண்ணும் அப்படிப்பட்டதே. அழைப்பு புறப்படும் வலையமைப்பு எந்த எண்ணைச் சொல்லி அனுப்புகிறதோ, அதையே வழியிலுள்ள நிறுவனங்கள் பெரும்பாலும் நம்பிக் கடத்திவந்தன. இணையவழி அழைப்பு மென்பொருளை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் உட்கார்ந்திருப்பவன், அந்த இடத்தில் எங்கள் எண்ணை இட்டு நிரப்பியிருக்கிறான். எங்கள் கம்பிக்கும் அந்த அழைப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதற்கு, அறுந்து கிடந்த கேபிளைவிட நல்ல சாட்சி எனக்கு அதன்பின் கிடைத்ததில்லை.

தையல்காரரை உட்காரவைத்து, இணையப் பண மோசடிகளுக்கான 1930 என்ற உதவி எண்ணில் உடனே புகார் பதிந்தோம். பணம் அதற்குள் மூன்று கணக்குகளைக் கடந்திருந்தது. மூன்றாவது கணக்கில் மிஞ்சியிருந்த 11,500 ரூபாய் மட்டும் முடக்கப்பட்டு, பல மாதங்களுக்குப் பிறகு அவர் கைக்கு வந்தது. மீதித் தொகைக்காக அவர் எழுதித் தந்த மனுவுக்குப் பதில் தயாரிக்கும் வேலை எனக்கு வந்தது. வாடிக்கையாளரின் பொறுப்பை வரையறுத்து ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை, மூன்றாம் தரப்பினரின் ஊடுருவலால் பணம் போய், வாடிக்கையாளர் மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் அவருக்கு இழப்பில்லை என்றது. ஆனால் ரகசிய விவரத்தை அவரே பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு முழுவதும் அவருடையது. அவர் ஓடிபியைச் சொல்லியிருந்தார். ஆகவே, “தாங்களே ரகசிய எண்ணைப் பகிர்ந்துள்ளமையால்” என்று தொடங்கும் கடிதத்தைத் தட்டச்சு செய்து கையெழுத்திட்டேன். விதிப்படி அதில் ஒரு பிழையும் இல்லை. எங்கள் எண்ணைப் பார்த்துத்தான் அவர் பகிர்ந்தார் என்பதை எழுத அந்தக் கடிதத்தில் இடமும் இல்லை.

அந்த வாரம் முழுவதும் என்னை உறுத்தியது வேறொன்று. மோசடிக்காரன் பேசியதைத் தையல்காரர் வரி பிசகாமல் திருப்பிச் சொன்னபோது, அதில் பாதி நாங்கள் அன்றாடம் பேசுகிற பேச்சாகவே இருந்தது. “உங்க கேஒய்சி முடியப்போகுது, இன்னிக்கே செய்யலேன்னா கணக்கு நின்னுடும்” என்று எங்கள் ஊழியர்கள் தம் சொந்தச் செல்பேசிகளிலிருந்து எத்தனை பேரை அழைத்திருக்கிறோம். பேசுவது யாரென்று கேட்டவர்களிடம் எத்தனை முறை எரிந்து விழுந்திருக்கிறோம். மோசடிக்காரன் எண்ணை மட்டும்தான் போலியாக இட வேண்டியிருந்தது. குரல் கேட்டதும் கீழ்ப்படிகிற பழக்கத்தை நாங்களே ஊருக்குக் கற்றுத்தந்திருந்தோம்.

அதன்பிறகு வாடிக்கையாளரைத் தொலைபேசியில் அழைத்தால் எந்த விவரமும் கேட்பதில்லை என்று கிளையில் முடிவு செய்தோம். முடிந்தபோது கிளைக்கு வரச்சொல்வதோடு பேச்சை முடித்துக்கொள்வோம். சில மாதங்கள் கழித்து, பெட்டக வாடகை பாக்கி இருப்பதாகச் சொல்ல ஓர் ஓய்வுபெற்ற நடத்துநரை அழைத்தேன். “வேற ஆளைப் பாருப்பா” என்று சொல்லிவிட்டு அவர் இணைப்பைத் துண்டித்தார். என் பணிக்காலத்தில் வாடிக்கையாளரிடம் வாங்கிய வசவுகளில் அந்த ஒன்றுக்குத்தான் மகிழ்ந்தேன்.

2024 செப்டம்பரில் நடந்தது இதைவிட நுட்பமானது. அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், மூன்று வைப்புத்தொகை ரசீதுகளை நீட்டி, மொத்தம் பதினான்கு லட்சத்தையும் முதிர்வுக்கு முன்பே எடுத்து, பெருந்தொகையை உடனுக்குடன் வேறு வங்கிக் கணக்குக்கு மாற்றும் ஆர்டிஜிஎஸ்ஸில் அனுப்ப வேண்டும், பையன் வீடு வாங்குகிறான் என்றார். டீச்சருக்கு ஒரே ஒரு மகள் என்பது தெருவுக்கே தெரியும். படிவத்தில் பெறுபவர் என்று எழுதியிருந்ததோ, வடமாநில ஊர் ஒன்றின் ஏதோ ‘டிரேடர்ஸ்’. மடியில் கைப்பையின் ஜிப் பாதி திறந்திருந்தது. உள்ளே செல்பேசித் திரையின் வெளிச்சம் தெரிந்தது. நான் ஒரு சலானைத் திருப்பிப் போட்டு, “போனில் யாராவது கேட்டுக்கொண்டிருக்கிறார்களா?” என்று எழுதி நகர்த்தினேன். அவர் என் பேனாவை வாங்கி, அழகான கரும்பலகைக் கையெழுத்தில், “ஆமாம். பேசக் கூடாது” என்று எழுதினார்.

செல்பேசியை வாங்கி இணைப்பைத் துண்டித்த பிறகே அவருக்குப் பேச்சு வந்தது. அவர் பெயரில் மும்பையில் கறுப்புப் பண வழக்கு இருப்பதாகவும், அவர் ‘டிஜிட்டல் கைதில்’ இருப்பதாகவும், பணத்தைச் சரிபார்ப்புக்கு அனுப்பினால் திரும்ப வரும் என்றும் இரண்டு நாள்களாக வாட்ஸ்அப் காணொளியில் அவரை மிரட்டியிருக்கிறார்கள். அப்படியொரு கைது நம் சட்டத்தில் எங்கும் இல்லை. ஆனால் முதல் அழைப்பு சாதாரண அழைப்பாக, ஒரு காவல் நிலையத்தின் தரைவழி எண்ணைக் காட்டியபடி வந்திருக்கிறது. டீச்சர் அந்த எண்ணைக் காலண்டர் தாளில் குறித்துக்கொண்டு, பேத்தியின் மடிக்கணினியில் கூகுளில் தேடி, விடைத்தாளின் மதிப்பெண் கூட்டலைச் சரிபார்ப்பதுபோல ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டுப் பார்த்து, சரியாக இருந்ததால்தான் நம்பியிருக்கிறார். அலட்சியமானவர் என்றால் முதல் அழைப்பையே துண்டித்திருப்பார்.

மகாராஷ்டிரத்தில் நான்காண்டுகள் பணியாற்றியிருந்த எங்கள் மேலாளர் மேடம், கிளைத் தொலைபேசியிலிருந்து அதே எண்ணுக்கு அழைத்து இந்தியில் பேசினார். வெகுநேரம் மணியடித்த பின் எடுத்த காவலர், அப்படி எந்த வழக்கும் இல்லை, இதையே கேட்டு அந்த வாரம் பலர் அழைத்துவிட்டார்கள் என்று அலுத்துக்கொண்டாராம். உள்ளே வருகிற அழைப்பில் எண்ணைப் போலியாக இட முடியும். நாமே அந்த எண்ணை அழுத்தி அழைக்கும்போது அது உரியவரிடம்தான் போய்ச் சேரும். இவ்வளவும் கேட்ட டீச்சர் ஏமாற இருந்ததற்கு வருந்தவில்லை. “நம்பரைச் சரிபார்த்தேனே தம்பி” என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த அக்டோபர் 22ஆம் நாள், வெளிநாட்டிலிருந்து இந்திய எண்ணைக் காட்டிக்கொண்டு வரும் அழைப்புகளைத் தடுக்கும் மத்திய அமைப்பு தொடங்கப்பட்டது. முதல் 24 மணி நேரத்தில் சுமார் 1.35 கோடி அழைப்புகள், அதாவது இந்திய எண்ணோடு வெளிநாட்டிலிருந்து வந்தவற்றில் சுமார் 90 சதவீதம், போலி எனத் தடுக்கப்பட்டதாக அரசு அறிவித்தது. அதைப் படித்தபோது எனக்கு நிம்மதியைவிட, அதற்கு முந்தைய நாள்களில் எத்தனை திரைகளில் எத்தனை மேலாளர்கள் பேசியிருப்பார்கள் என்ற எண்ணமே வந்தது. மோசடிக்காரர்களோ, இங்கேயே ஏதாவது வாடகை அறையில் நூற்றுக்கணக்கான சிம்களைச் செருகிய சிம்பாக்ஸ் கருவியை வைத்து, உண்மையான இந்திய எண்களிலிருந்தே அழைப்பு வருமாறு செய்யவும் அறிந்தவர்கள்.

2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, சேவை தொடர்பான அழைப்புகளுக்கு 1600 எனத் தொடங்கும் எண்களையே வங்கிகள் பயன்படுத்த வேண்டும் என்று அறிவுறுத்தியது. அந்தச் செய்தியை அச்சிட்டு, காசாளர் கூண்டுக்குப் பக்கத்துச் சுவரில் நான் ஒட்டிக்கொண்டிருந்தபோது, பாஸ்புக் வரி போட வந்த தையல்காரர் பின்னால் நின்று நிதானமாக அதைப் படித்தார்.

“இந்த நம்பரையும் பேங்க் மேனேஜர்னே போட்டு வச்சுக்கட்டுமா சார்?” என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். “அப்ப பழசை?” என்றபடி செல்பேசியை என்னிடம் நீட்டினார். ‘பேங்க் மேனேஜர்’ இன்னும் அதில் இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்க, நானே அதை அழித்துக் கொடுத்தேன்.