சிரிப்புக்கும் முறைக்காரர் உண்டு

2009ஆம் ஆண்டு மெல்போர்னுக்கு வந்து சேர்ந்தபோது, சுசீந்திரத்துக்கு அருகே உள்ள எங்கள் ஊரிலிருந்து நான் சுமந்து வந்த அச்சங்களில் பல முதல் ஆண்டிலேயே தீர்ந்துவிட்டன. குளிர் பழகியது. முதியோர் இல்லத்தில் செவிலியர் வேலையும், அங்கே விரைவாகப் பேசப்படும் ஆங்கிலமும் பழகின. மரச்சீனிக் கிழங்குகூட வியட்நாமியர் கடையில் உறைந்த பொதியாகக் கிடைத்தது. பழகாமல் நின்றவை, அந்நாட்டுத் தொலைக்காட்சியில் மாலைதோறும் வந்த அமெரிக்க நகைச்சுவைத் தொடர்கள்தாம்.

நான் வேலை செய்த இல்லத்தின் பொதுக்கூடத்தில் தொலைக்காட்சி எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். 2004இலேயே நிறைவடைந்துவிட்ட 'பிரெண்ட்ஸ்' தொடரின் 236 பகுதிகளும் அங்கே முடிவின்றிச் சுற்றிச் சுற்றி வருவதுபோல் எனக்குத் தோன்றும். ஒருவர் ஒரு வரி சொல்வார், உடனே சிரிப்பொலி எழும். மற்றவர் மறுமொழி சொல்வார், மீண்டும் சிரிப்பொலி எழும். ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது, ஆனாலும் சிரிப்பு வரவில்லை. முகம் காட்டாத அந்தக் கூட்டம் சிரிக்கும் ஒவ்வொரு முறையும், அழைப்பில்லாத வீட்டின் முற்றத்தில் நின்றுகொண்டு உள்ளே நடக்கும் விருந்தின் ஓசையைக் கேட்பதுபோல் இருந்தது.

அந்தச் சிரிப்பொலிக்கு ஒரு வரலாறு உண்டு என்பதைப் பின்னர் அறிந்தேன். 1950களில் சார்லி டக்ளஸ் என்ற அமெரிக்க ஒலிப் பொறியாளர், பதிவு செய்த சிரிப்புகளை விசைகளை அழுத்தி வேண்டிய இடத்தில் ஒலிக்கச் செய்யும் ஒரு பெட்டியை உருவாக்கினார். எல்லாத் தொடர்களும் அப்படிப்பட்டவை அல்ல. 'பிரெண்ட்ஸ்' உண்மையான பார்வையாளர்கள் முன்னிலையில் படமாக்கப்பட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பார்வையாளர்கள் கலிபோர்னியாவின் ஒரு படப்பிடிப்புக் கூடத்தில் அமர்ந்திருந்தவர்கள். அவர்களுடைய சிரிப்பைத்தான் மெல்போர்னில் இருந்த எங்களுக்கும் சேர்த்து அனுப்பிவைத்தார்கள்.

2007இல் தொடங்கிய 'தி பிக் பாங் தியரி' என்னை வேறு விதமாக வருத்தியது. அதில் டெல்லியிலிருந்து வந்த இந்திய அறிவியலாளர் ஒருவர் வருகிறார். முதல் பல ஆண்டுகளுக்கு, மது அருந்தாமல் பெண்களிடம் அவரால் ஒரு சொல்லும் பேச முடியாது. எங்கள் ஓய்வறையில் இளைய பணியாளர் ஒருவர் அந்தப் பாத்திரத்தின் உச்சரிப்பை என்னிடம் நடித்துக் காட்டி, நான் சிரிப்பேனா என்று காத்திருப்பார். அவரிடம் கெட்ட எண்ணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தும் அன்று வீட்டுக்கு வந்து கணவரிடம், "இவருக்கு என்னைக் கேலி செய்ய என்ன முறை இருக்கிறது?" என்று கேட்டேன்.

அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் என் மனத்தடை எதுவென்று எனக்கே விளங்கியது. எங்கள் ஊரில் கேலிக்குக் குறைவே இல்லை. வட்டப்பேர், அதாவது பட்டப்பெயர், இல்லாத வீடு இல்லை. சாயாக் கடை வாசலில் ஒருவர் ஒரு சொல்லில் மற்றவரை மடக்குவார். ஆனால் யார் யாரைக் கேலி செய்யலாம் என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. மைனி, அதாவது அண்ணி, கொழுந்தனைக் கேலி செய்யலாம். மச்சான் மச்சானைக் கேலி செய்யலாம். பேத்தியைப் பாட்டா என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அப்பாவிடமோ பெரிய மாமாவிடமோ அந்தப் பேச்சு செல்லாது. நான் பார்த்த தொடர்களிலோ மகன் தந்தையைக் குத்தினான், மருமகன் மாமியாரைக் குத்தினான், நண்பன் நண்பனைக் குத்தினான்; எல்லாக் குத்தலும் ஒரே குரலில் வந்தது. உறவு தெரியாத இடத்தில் எள்ளல் எனக்கு வசையாகவே கேட்டது.

இதை அந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த ஒருவர் தம் வழியில் எனக்குச் சொல்லித் தந்தார். எங்கள் இல்லத்தில் இருந்த மூதாட்டி ஒருவர், முன்னாள் பள்ளி ஆசிரியை. தொலைக்காட்சியில் சிரிப்பொலி எழுந்தாலே என்னை அழைத்து, அதை நிறுத்தச் சொல்வார். அவர்கள் ஒருவரையொருவர் குத்திக்கொண்டே இருக்கிறார்கள், யாரும் யாருடனும் பேசுவதில்லை என்பது அவருடைய குறை. நான் அதுவரை, இந்தத் தொடர்கள் பிடிக்காமல் போவது புதிதாக வந்தவளின் பற்றாக்குறை என்று எண்ணி, பிறர் சிரிக்கும்போது நானும் உதட்டை விரித்து வைத்திருந்தேன். அவர் சொன்ன பிறகு அந்தப் பொய்ச் சிரிப்பை விட்டுவிட்டேன்.

அவருக்குப் பிடித்தது, ஆஸ்திரேலியாவின் ஏ.பி.சி. தொலைக்காட்சி 1984 முதல் 1994 வரை ஒளிபரப்பிய 'மதர் அண்ட் சன்'. நினைவு மங்கிவரும் தாயும், மணவாழ்வு முறிந்து அவளோடு வந்து தங்கிய மகனும்தான் கதை. தாயின் மறதியை வைத்தா சிரிப்பது என்று முதலில் எனக்குப் பதைத்தது. ஆனால் அந்தத் தாய் தன் மறதியையே கருவியாக்கி ஒவ்வொரு முறையும் மகனை வென்றுவிடுகிறாள். தன் நினைவும் தளர்ந்துவந்த அந்த ஆசிரியை, குறுந்தகட்டில் அதைப் பார்த்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். புலம்பெயர்ந்த பிறகு ஒரு தொடரைப் பார்த்து நான் மனமாரச் சிரித்தது அன்றுதான். அந்தத் தாயிடம் எங்கள் தெருவின் ஆச்சிகள் பலரை நான் கண்டுகொண்டேன்.

2002இல் மெல்போர்ன் புறநகரைக் களமாக்கி வந்த 'காத் அண்ட் கிம்' தொடரையும் அவர்தான் எனக்குச் சொன்னார். ஆஸ்திரேலியர் கொண்டாடிய அத்தொடரை அமெரிக்கர்கள் 2008இல் தங்கள் நாட்டுக்கு ஏற்ப மீண்டும் எடுத்தார்கள். 17 பகுதிகளோடு அது நின்றுபோனது. இரு நாட்டிலும் மொழி ஆங்கிலம்தான். சிரிப்பு மட்டும் கடல் கடக்கவில்லை.

நகை பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியம் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்காகச் சொல்கிறது. அந்நூல் அதங்கோட்டாசான் முன் அரங்கேறியதாகப் பாயிரம் கூறும். அதங்கோடு எங்கள் குமரி மாவட்டத்து ஊர் என்ற பெருமை எங்களுக்கு உண்டு. எள்ளல் என்பதற்குப் பிறரை எள்ளி நகுவது, பிறர் தன்னை எள்ளும்போது தானும் நகுவது என இரண்டையும் உரையாசிரியர் பேராசிரியர் பொருளாகக் கொள்கிறார். இந்த இரண்டாவது நகையைத்தான் நான் அந்தத் தொடர்களில் தேடிக் கிடைக்காமல் தவித்திருக்கிறேன். 1908இல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனிடம் அது நிறைய இருந்தது. கேலிக்கு உள்ளானவரும் சேர்ந்து சிரிக்கும்படி அவர் பேசினார்.

சென்ற முறை விடுப்பில் ஊருக்கு வந்தபோது அம்மன் கோயில் கொடை விழா நடந்தது. மெல்போர்னில் பிறந்த என் மகளுக்கு அதுவே முதல் வில்லுப்பாட்டு. குடமும் உடுக்கையும் முழங்க, புலவர் கதையை நிறுத்திவிட்டு, கொடைக்கு வரி பிரிக்கப் போனால் வீட்டுக்கு வீடு சாயா குடித்துவிட்டுக் கணக்கை மறந்துவரும் ஒருவரைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பக்கப்பாட்டுக்காரர் "ஆமா" என்றார். பந்தல் முழுவதும் சிரித்தது. மகள் என் முகத்தைப் பார்த்தாள். ஒரு காலத்தில் பொதுக்கூடத்தில் நான் அமர்ந்திருந்த அதே முகத்தோடு அவள் அமர்ந்திருந்தாள்.

"என்ன ஆச்சி, எதுக்கு எல்லாரும் சிரிக்காங்க?" என்று அவள் என் அம்மாவிடம் கேட்டாள்.

"அந்தா முன்னால தூணுல சாஞ்சு இருக்காருல்லா மக்ளே, அவரத்தான் சொல்லுகாரு. புலவருக்கு அவரு மச்சான் முறை."

அம்மா காட்டிய திசையில் மகள் எழுந்து நின்று பார்த்தாள். தோளில் கிடந்த துண்டால் வாயை மூடியபடி, மற்ற எவரையும்விட அதிகமாகக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார் அந்தப் பெரியவர். அவரையே பார்த்துக்கொண்டு நின்ற என் மகளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.