முதற்பதிப்பு: ஜனவரி 2023

வேதாரண்யம் உப்பளத்தில் கூலி வேலை செய்யும் குடும்பத்துச் சிறுமியைப் பற்றி நான் எழுதிய சிறிய நாவலை, தமிழ் வளர்ச்சித் துறை வழங்கும் சிறந்த நூல்களுக்கான பரிசுக்கு அனுப்பினேன். சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார்தானே என்று உறவினர்கள் கேட்டார்கள். 2010 முதல் வழங்கப்படும் அந்தச் சிறுவர் இலக்கிய விருது 24 மொழிகளுக்கு உரியது. இதுவோ தமிழ்நாடு அரசின் பரிசு, நூலாசிரியருக்கும் பதிப்பகத்துக்கும் சேர்த்தே வழங்கப்படுவது.

விண்ணப்பத்தில் நான் நெடுநேரம் தயங்கி நின்ற இடம் வகைப்பாடு. மொத்தம் 33 வகைகளுள் சிறுவர் இலக்கியம் இருக்கிறது, புதினம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நிற்கும் இளையோர் நூலுக்கெனத் தனி வகை இல்லை. இருந்திருக்க வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம். சிறுமி பூப்பெய்துவதும் அதையொட்டிப் படிப்பு நிற்பதும் கதையில் வருவதால், புதினம் என்று குறிப்பதே நல்லது என்றார்கள் நண்பர்கள். ஆனால் கையெழுத்துப் பிரதியை எட்டாம் வகுப்பு மாணவியருக்கு வாசித்துக் காட்டிய அன்று, மணி அடித்த பிறகும் பையைத் தோளில் மாட்டியபடி நின்ற ஒரு சிறுமி, "அவ திரும்பப் பள்ளிக்கூடம் வந்தாளா மிஸ்?" என்று கேட்டாள். அவள் வயதுப் பிள்ளைகளுக்காக எழுதியதைப் பெரியவர்களின் வரிசையில் வைக்க மனம் ஒப்பவில்லை. சிறுவர் இலக்கியம் என்றே நிரப்பினேன்.

நூல் 2022 டிசம்பர் கடைசி வாரத்தில் கைக்கு வந்தது. ஆகவே அந்த ஆண்டு நூல்களுக்கான அறிவிப்பு வந்ததும் எழும்பூர் தமிழ்ச் சாலையிலுள்ள அலுவலகத்துக்குப் படிகளை நேரில் எடுத்துச் சென்றேன். பொறுப்பிலிருந்த அம்மையார் தலைப்புப் பக்கத்தைத் திருப்பி, அதன் பின்புறத்து உரிமைப் பக்கத்தில் ஒரு வரியின்மேல் விரலை வைத்தார்: முதற்பதிப்பு, ஜனவரி 2023. சென்னைப் புத்தகக் காட்சி விற்பனையை எண்ணிப் பதிப்பகத்தார் அவ்வாறு அச்சிட்டிருந்தனர். கதையின் 140 பக்கங்களையும் மூன்று முறை மெய்ப்புப் பார்த்த நான், அந்த ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கவில்லை. "அடுத்த அறிவிப்புக்குக் கொடுங்கம்மா" என்று கட்டைத் திருப்பித் தந்தார்.

ஓராண்டு காத்திருந்து, 2023ஆம் ஆண்டு நூல்களுக்கான அறிவிப்பின்போது மீண்டும் கொடுத்தேன். பரிசு கிடைக்கவில்லை, வருத்தம் இருக்கத்தான் செய்தது. இரண்டாவது நாவல் இப்போது அச்சுக்குப் போகிறது. உரிமைப் பக்கத்தின் மெய்ப்பைத்தான் முதலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.