அம்மாவை எந்த ஊரில் நடக்க விடுவது?

லண்டனில் இருக்கிற அக்கா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டார். "அம்மாவையும் அப்பாவையும் இந்த முறை வீட்டுக்குள்ள வச்சு டிவி காட்டி அனுப்ப மாட்டன். வசந்த காலத்தில வருகினம், நான் லீவு எடுக்கிறன், நடந்தே சுத்திப் பாக்கக்கூடிய, பழைய கட்டடம் மியூசியம் எல்லாம் இருக்கிற ஒரு ஊரை எல்லாருமாச் சேர்ந்து சொல்லுங்கோ." எல்லாருமாச் சேர்ந்து என்று சொன்னதுதான் வினை. பெரியம்மா, கனடாச் சித்தப்பா, மட்டக்களப்பு மச்சாள் என்று பாஸ்போர்ட்டே இல்லாதவர்கள் உட்பட எல்லோருக்கும் ஐரோப்பா பற்றி ஒரு கருத்து இருந்தது.

திருகோணமலையில் வசந்த காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. தையோடு மழை விடும், அப்புறம் வெயில், அதற்கப்புறம் அதைவிட வெயில். "சித்திரை மாசம் சுவெற்றர் போட்டுக்கொண்டு என்னத்தை நடக்கிறது?" என்று அம்மா தொடங்கினார். பிறகு கேட்ட முதல் கேள்வி, "அங்க இருக்க இடம் இருக்கோ?" அக்கா நல்ல ஹோட்டலாகப் போடுகிறேன் என்று உருகினார். "ஹோட்டல் இல்லைப் பிள்ளை, றோட்டில. கால் நொந்தா எங்க குந்துறது?"

அம்மா ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் நடப்பார் என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு ஊரில் இருக்கிற எனக்கு வந்தது. பின்னேரம் ஒன்றில் கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயில் வரை நடக்க வைத்துப் பார்த்தேன். ஏற்றம்தான், ஆனால் பெரிய தூரம் இல்லை. போனில் நேரத்தைப் போட்டுவிட்டு நடக்கத் தொடங்கினால், வாசல் தாண்டியதுமே அம்மாவுக்குத் தெரிந்த ஒரு ரீச்சர், அவருடைய மகளின் கலியாணப் பேச்சு எந்த இடத்தில் குழம்பியது என்பதை இருவரும் விலாவாரியாக ஆராய்ந்து முடிக்கும்வரை நான் ஆலமரத்தடியில் நின்றேன். அடுத்தது மான். எங்கள் பிரட்றிக் கோட்டை மான்கள் ஆட்களுக்குக் கொஞ்சமும் பயப்படாதவை. அர்ச்சனைத் தட்டில் இருந்த வாழைப்பழத்தை ஒன்று வந்து தோலோடு எடுத்தது, அம்மா வெற்றிலையையாவது காப்பாற்றுவோம் என்று இழுக்க, மானும் மறுபக்கத்தால் இழுக்க, அர்ச்சனைச் சீட்டு எடுத்த பக்தர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். வெற்றிலை மானுக்குத்தான் போனது. இவ்வளவுக்கும் பிறகு மேலே ஏறியபோது அம்மாவுக்கு மூச்சு வாங்கவே இல்லை, இறங்கும்போது படிகளில்தான் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

அக்காவுக்கு அறிக்கை அனுப்பினேன்: தூரம் பிரச்சினை இல்லை, ஏற்றமும் பிரச்சினை இல்லை, இறங்குகிற படிதான் பிரச்சினை. நேரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம், அதில் பாதி ரீச்சருக்கும் மீதி மானுக்கும் போனது.

இந்த ஒரே அறிக்கையில் பாதி ஐரோப்பா விழுந்தது. வெனிஸில் கார் இல்லை, நடப்பதற்கென்றே கட்டின ஊர், ஆனால் நானூறுக்கு மேல் பாலங்கள், பெரும்பாலானவற்றில் ஏறவும் படி இறங்கவும் படி. அதை வெட்டியதும் கனடாச் சித்தப்பா கோபித்துக்கொண்டார், அவர் கலியாணம் கட்டின புதிதில் போன ஊராம். லிஸ்பன் ஏழு குன்றுகளில் இருக்கிற ஊர், நடைபாதை முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைக் கல் பதித்து, ஆட்கள் நடந்து நடந்து அது பளபளவென்று ஆகிவிட்டது, மழை பெய்தால் வழுக்கும். மஞ்சள் டிராம் மேலே கொண்டுபோய் விடும் என்று அக்கா சமாதானம் சொன்னார், இறங்குவதைப் பற்றிக் கேட்டேன், பதில் இல்லை.

புளோரன்ஸ் நல்ல சமதரை, நகரத்தின் நடுப்பகுதி சின்னது. ஆனால் அந்தப் புகழ்பெற்ற குவிமாடத்துக்கு ஏற 463 படி, லிப்ட் கிடையாது. இதை நான் பெரிய குறையாகச் சொல்ல, அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "கோபுரத்துக்கு மேல ஏறி நிண்டோ நாங்கள் கோயில் கும்பிடுறம்? கீழ நிண்டு பாத்தாக் காணாதே?" அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை, ஐரோப்பிய சுற்றுலாத் தளங்களும் யோசிக்கவில்லை.

செவில்லாவைப் பார்த்ததும் எனக்கே ஆசை வந்தது. ஸ்பெயினின் தெற்கே, ஏப்ரலில் தெருவோரத் தோடை மரங்கள் எல்லாம் பூத்து ஊரே மணக்குமாம். அங்கே தேவாலயத்து மணிக்கோபுரம் ஒன்று, ஹிரால்டா என்று பெயர், முன்பு பள்ளிவாசலின் மினாராவாக இருந்தது. தொழுகைக்கு அழைப்பவர் குதிரையிலேயே மேலே போகட்டும் என்று உள்ளே படிக்குப் பதிலாக 35 சாய்தளங்கள் வைத்துக் கட்டினார்கள் என்பார்கள், உச்சியில் மட்டும்தான் கொஞ்சப் படி. குதிரைக்குப் பார்த்துக் கட்டியது அம்மாவின் முழங்காலுக்கும் சரியாக வரும் என்று குழுவில் போட்டேன், போட்ட உடனே அது சரியான முறையில் சொல்லப்படவில்லை என்று எல்லோரும் எடுத்துக்காட்டினார்கள். அந்தத் தெருத் தோடம்பழம் கசக்கும், பச்சையாக யாரும் தின்பதில்லை என்றதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது நாரத்தை மாதிரிதானே, உப்புப் போட்டு ஊறவச்சா ஒரு வருஷத்துக்குக் கிடக்கும்." பெட்டியில் போத்தல் கொண்டுபோகலாமா என்ற பேச்சு அன்றைக்கு முழுக்க ஓடியது.

பொலோஞ்ஞாவும் அம்மாவுக்குப் பிடித்தது. இத்தாலியில் இருக்கிற அந்த ஊரில் கடைகளுக்கும் வீடுகளுக்கும் முன்னால் தூண் வைத்த நடைபாதைகள், எல்லாம் சேர்த்து 62 கிலோமீற்றர், 2021இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏற்றிவிட்டார்கள். மழையும் படாது, வெயிலும் படாது. "ஊர் முழுக்க விறாந்தையோ!" என்று அம்மா சந்தோஷப்பட்டார்.

இப்படி செவில்லாவா பொலோஞ்ஞாவா என்று வாக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தபோது மட்டக்களப்பு மச்சாள் (பாஸ்போர்ட் இல்லாதவர் என்று சொன்னேனே, அவர்தான்) மெதுவாகக் கேட்டார்: "மாமிக்கு இருக்கிறது லண்டன் விசா மட்டும்தானே?"

குழுவில் கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. அக்காவுக்குப் பிரித்தானியப் பாஸ்போர்ட், அவர் விசாவைப் பற்றி யோசித்தே பல காலம். இத்தாலி, ஸ்பெயின் எல்லாம் போக எங்களுக்கு ஷெங்கன் விசா என்று தனியாக ஒன்று வேண்டும், பிரித்தானியா அதற்குள் இல்லை, அதை லண்டன் போய் இறங்கிய பிறகு எடுக்கலாம் என்றும் இருக்க முடியாது, பொதுவாக நாங்கள் வசிக்கிற நாட்டில் இருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். அதாவது திரும்பவும் கொழும்பு, திரும்பவும் வங்கிக் கணக்கு, 30,000 யூரோவுக்குக் குறையாத பயணக் காப்புறுதி, கைரேகை. "கைரேகை போன முறையே குடுத்தனான், அதே விரல்தானே இன்னும் கிடக்கு" என்று அம்மா சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். செவில்லா அத்தோடு சரி. ஊறுகாயும்.

எனவே பிரித்தானியாவுக்குள்ளேயே தேடல். அக்கா முதலில் சொன்னது பாத். ரோமர் கட்டின குளம், பூமிக்குள் இருந்து 46 பாகை வெப்பத்தில் தண்ணீர் வருகிறது, பார்க்க உலகமே போகிறது. அம்மா என்னைப் பார்க்க, நான் அம்மாவைப் பார்த்தேன்.

"கன்னியாவில ஏழு வெந்நீர்க் கிணறு இருக்கு. பஸ் ஏறினாப் போய் வாளியால அள்ளித் தலையில ஊத்தலாம். அங்க குளிக்க விடுவினமோ?"

அந்தப் பழைய குளத்துக்குள் இறங்க விடமாட்டார்கள், பார்க்க மட்டும்தான், குளிக்க வேண்டுமானால் பக்கத்தில் வேறு இடத்துக்குக் காசு கட்ட வேண்டும் என்று அக்கா உண்மையைச் சொன்னார். பாத் போச்சு. எடின்பரோவின் படத்தை அனுப்பினார். கற்பாறைக்கு மேலே கோட்டை, தூரத்தில் கடல், காற்று. அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது எங்கட சுவாமி மலை, கோயிலைத்தான் காணேல்லை" என்றார், கோணேசர் கோயில் நிற்கிற பாறையைச் சொல்கிறார். திருகோணமலைக்காரரை வெளியூர் கூட்டிப்போவதில் உள்ள கஷ்டம் இது, கடல், கோட்டை, வெந்நீர் எதைக் காட்டினாலும் எங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கும்.

யோர்க் கடைசியாக வந்தது. லண்டன் கிங்ஸ் குரொஸில் இருந்து ரயிலில் இரண்டு மணித்தியாலம் அளவு, ஊரின் நடுப்பகுதி சமதரை, பகலில் பெரும்பாலான தெருக்களுக்குள் வாகனம் விடமாட்டார்கள், ஊரைச் சுற்றிப் பழைய மதில் ஏறத்தாழ 3.4 கிலோமீற்றர், வசந்தத்தில் அதன் சரிவு முழுக்க மஞ்சள் டாஃபடில் பூ. தேவாலயத்தின் கிழக்கு யன்னலில் 1408இல் முடித்த வண்ணக் கண்ணாடி இருக்கிறது, கோபுரத்துக்கு 275 படி, ஆனால் அதுதான் தீர்ந்த விவகாரம், கீழே நின்று பார்த்தால் காணும். அம்மா மதிலுக்கும் ஏதோ சொல்ல வாய் எடுத்தார்.

"ரயில் மியூசியம் அங்கதானே கிடக்கு?"

அப்பா. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், கல்லோயா சந்தியில் இரவு ரயிலுக்குக் காத்திருந்தே பாதி ஆயுள் போச்சு என்பவர், இத்தனை விவாதத்திலும் பேப்பரை விட்டுத் தலை தூக்காதவர். "மல்லார்ட் எண்டு நீல எஞ்சின். 1938ல மணிக்கு 203 கிலோமீற்றர் ஓடினது. நீராவி எஞ்சினில இண்டைக்கு வரைக்கும் அதை ஒண்டும் முந்தேல்லை." பேப்பரை மடித்து வைத்தார். அப்பா பேப்பரை மடித்தால் முடிவு எடுத்தாயிற்று என்று எங்கள் வீட்டில் அர்த்தம். மியூசியம் ஸ்டேஷனுக்குப் பின்னால், நுழைவு இலவசம் என்று அக்கா சேர்த்துச் சொன்னதில் அம்மாவும் இறங்கினார்.

திகதியில் ஒரு சண்டை வந்தது. கோணேசர் திருவிழா பங்குனி உத்தரத்தோடு தொடங்கும், தீர்த்தம் முடியாமல் வரமாட்டேன் என்று அம்மா, அதற்குள் பூ முடிந்துவிடும் என்று அக்கா. "பூ அடுத்த வருஷமும் பூக்கும்." "தீர்த்தமும் அடுத்த வருஷம் வரும்தானே அம்மா?" இப்படிக் கேட்டதற்கு அக்காவோடு அம்மா ஒரு முழு நாள் பேசவில்லை. மே மாதம் முதல் திங்கள் அங்கே பொது விடுமுறை, அதை ஒட்டி வைத்துக்கொண்டார்கள்.

இப்போது சப்பாத்து. சேலைக்குக் கீழே வெள்ளைச் சப்பாத்து தெரிந்தால் ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்று அம்மா என்.சி. வீதியில் கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற கறுப்புச் சப்பாத்து ஒன்றை எடுத்தார், திரும்பி வந்த பிறகு பேத்திக்கு உதவுமாம். அதைப் போட்டுப் பழக டச்சுபே கடற்கரை வீதியில் நடக்கிறார், ரீச்சர் இன்னும் அந்தக் கலியாணக் கதையை முடிக்கவில்லை. அப்பா யோர்க் பயணத்துக்கு ஒரு கொப்பியில் நிகழ்ச்சிநிரல் எழுதிக்கொண்டிருக்கிறார். எட்டிப் பார்த்தேன். முதல் நாள் காலை ரயில் மியூசியம், பின்னேரம் ஸ்டேஷன் கூரை, இரண்டாம் நாள் மியூசியத்தில் விட்ட மிச்சம். அம்மாவுக்கு இதை நான் இன்னும் சொல்லவில்லை.