கோத்தாகெடேயில் ஒரு கரண்டி

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவிலுள்ள யோக்யகர்த்தாவுக்கு முதல் தடவை போயிருந்தபோது ஒரு கடையில் வெள்ளிக் கிண்ணம் ஒன்று வாங்கினேன். சுற்றிலும் தாமரை இதழ், அதன்மேல் கொடி, விளிம்பில் முத்து வரிசை. "டச்சுக்காரர் காலத்தது" என்றார் கடைக்காரர், நானும் தலையாட்டினேன். வீட்டில் எட்டு மாதம் அதில் சாவியையும் சில்லறையையும் போட்டு வைத்திருந்தேன். ஒருநாள் அடிவிளிம்பில் மஞ்சள் எட்டிப் பார்த்தது. எங்கள் தெருப் பத்தரிடம் கொண்டுபோனேன். உரசிக்கூடப் பார்க்கவில்லை மனிதர், கவிழ்த்து ஒரு பார்வை, விரலால் ஒரு சுண்டு. "பித்தளை சார், முலாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த ரோஷத்தில்தான் இந்தத் தடவை வெள்ளிப் பத்தர்களின் ஊரான கோத்தாகெடேக்கு இரண்டு முழு நாள் ஒதுக்கினேன்.

நகரத்துக்குத் தென்கிழக்கே ஐந்தாறு கிலோமீட்டர். பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் மாத்தாராம் அரசின் தலைநகரமாக இருந்த ஊர், அரசை நிறுவிய செனோபதியின் சமாதி இங்கேதான் இருக்கிறது. அரசர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள், பத்தர்கள் தங்கிவிட்டார்கள். சந்துகள் அவ்வளவு குறுகல், பைக்கில் வருபவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறார்கள். ஜாவாக்காரர்களுக்கு ஏழு நாள் வாரத்தோடு ஐந்து நாள் வாரம் ஒன்றும் உண்டு. அதில் லெகி என்ற நாளில் இங்கே சந்தை களைகட்டும், சந்தையின் பெயரே பசார் லெகி. நான் போய் இறங்கியது அந்த நாளாக அமைந்தது என் அதிர்ஷ்டம். காலைச் சாப்பாடு கிப்போ: கட்டைவிரல் அளவில் பச்சை மாவு, உள்ளே தேங்காயும் பனைவெல்லமும், ஓட்டில் சுட்டது. கொழுக்கட்டைக்குத் தம்பி. 'இது என்ன?' என்று ஜாவா மொழியில் கேட்கும் 'இகி ஓப்போ'தான் தேய்ந்து கிப்போ ஆனதாம்.

பட்டறைக்குப் போனால் வயதான ஒருவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். அங்கே மரியாதைக்கு 'பாக்' என்று கூப்பிட வேண்டும். முன்னால் கருப்பாக ஒரு கட்டி, அதில் வெள்ளித் தகடு பதிந்திருந்தது. அந்தக் கட்டிக்கு ஜபுங் என்று பெயர். குங்கிலியப் பிசின், செங்கல் தூள், எண்ணெய் மூன்றையும் காய்ச்சிச் சேர்த்தது. நம்மூர் பத்தர் அரக்கில் பதித்து வேலை செய்கிற அதே தந்திரம்தான். அடிக்கும்போது தகடு கிழியாமல் உள்வாங்குகிற அளவுக்கு மெத்து, நழுவாத அளவுக்குப் பிடிப்பு. பக்கத்தில் டப்பா டப்பாவாக உளிகள், ஒவ்வொன்றுக்கும் வேறு முனை. இலை நரம்புக்கு ஒன்று, இதழின் வளைவுக்கு ஒன்று. டக் டக்கென்று சின்னச் சின்ன அடி. ஒரு கொடி அரை விரற்கடை வளர நான் இரண்டு தேநீர் குடித்துவிட்டேன்.

என் கிண்ணத்தின் படத்தைக் கைபேசியில் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை. "பின்பக்கம் எங்கே?" என்றார். பின்பக்கத்தை நான் படமே எடுக்கவில்லை.

அப்புறம் அவரே ஒரு பழைய தட்டை எடுத்துக் கவிழ்த்தார். முன்னால் மேடாக இருந்த இதழ் பின்னால் பள்ளமாக இருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் உளி பட்ட தடம், ஒன்றைப்போல இன்னொன்று இல்லை. பதினாறு இதழில் ஒன்று மட்டும் கொஞ்சம் ஒல்லி. அந்த ஒல்லி இதழைத்தான் தேட வேண்டும் என்று எனக்குப் பட்டது. அச்சில் அழுத்தியதில் எல்லா இதழும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். வார்ப்பில் பின்பக்கம் மொழுக்கென்றோ பொத்தல் பொத்தலாகவோ இருக்கும். கறுப்பும் ஒரு சாட்சி. புழங்கிய வெள்ளியில் பள்ளத்தில் மட்டும் கறுப்பு தங்கி, கைபட்ட மேடுகள் பளபளக்கும். பழசுபோலக் காட்ட மருந்து தடவியதில் எல்லா இடமும் ஒரே கறுப்பு.

இனி முத்திரை. 1930களில் யோக்யாவின் டச்சு ஆளுநருடைய மனைவி ஊக்கம் கொடுத்து, பிரம்பனான், போரோபுதூர் கோயில் சிற்பங்களின் தாமரையும் கொடியும் ஐரோப்பியத் தேநீர் செட்டுகளில் ஏறின. சேகரிப்பவர்கள் 'ஜோக்ஜா வெள்ளி' என்று தேடி அலைவது பெரும்பாலும் அந்தக் காலத்துச் சரக்கைத்தான். அடியில் பெரும்பாலும் 800 என்று இருக்கும், அதாவது ஆயிரத்தில் எண்ணூறு பங்கு வெள்ளி. கூடவே பட்டறையின் முதலெழுத்து. இன்று செய்வதில் 925 சகஜம்.

எனக்குப் பிடித்த துப்பு எழுத்துக்கூட்டல். இந்தோனேசியாவில் 1947இல் ஒருமுறை, 1972இல் இன்னொருமுறை எழுத்துச் சீர்திருத்தம் நடந்தது. 'உ' ஒலிக்கு டச்சு வழக்கப்படி ஓ, ஈ என்ற இரண்டு ஆங்கில எழுத்தைப் போட்டது 1947இல் போயிற்று. 'ஜ'வுக்கு டி, ஜே என்று இரண்டைச் சேர்த்து எழுதியது 1972இல் போயிற்று. ஊர்ப் பெயர் பழைய கூட்டலில் பொறித்திருந்தால் பொருள் 1972க்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். வாய்ப்புதான். பழக்கம் விடாத பத்தரும் உண்டு, விவரம் தெரிந்த போலிக்காரரும் உண்டு. முத்திரையை மட்டும் பார்த்து வாங்குபவர் என்னைப்போல முலாம் வாங்குவார்.

காந்தம் கொண்டுபோகச் சொல்லும் நண்பர்களுக்கு ஒன்று: பித்தளையிலும் காந்தம் ஒட்டாது.

பட்டறையில் கடைசி மெருகு ஏற்றுகிற பாத்திரத்தில் நுரை பொங்கியது. என்ன சோப்பு என்று கேட்டதற்குக் கைநிறையக் காய்களை அள்ளிக் காட்டினார். லெராக் என்றார். பூந்திக்கொட்டை! பாட்டி கொலுசு கழுவிய அதே கொட்டையின் இனம். பத்திக் துணியையும் இதில்தான் அலசுகிறார்கள்.

மறுநாள் சோலோவுக்கு மின்ரயில், எட்டாயிரம் ரூப்பியா. திரிவிண்டு சந்தை பழம்பொருளுக்குப் பேர்போனது. ஒரு விண்டு என்றால் எட்டு வருடம். மங்குநகரன் என்ற சிற்றரசில் ஏழாம் மங்குநகரரின் இருபத்துநான்கு வருட ஆட்சியைக் கொண்டாட எழுந்த சந்தை என்பதால் அந்தப் பெயர். விளக்கு, முகமூடி, குறிஸ் கத்தியின் உறைப்பூண், துருப்பிடித்த தையல் இயந்திரம் எல்லாம் ஒரே குவியல். நடுவில் ஒரு வெற்றிலைச் செல்லம் கிடந்தது. சுண்ணாம்புக்கு ஒரு டப்பி, பாக்குக்கு ஒன்று, புகையிலைக்கு ஒன்று, துணையாக ஒரு படிக்கம். கவிழ்த்தேன். உளித்தடம் இருந்தது, ஒல்லி இதழும் இருந்தது. ஆனால் வரலாற்று மதிப்புள்ள ஐம்பது வயதைத் தாண்டிய பொருளை நாட்டைவிட்டுக் கொண்டுபோக 2010 சட்டப்படி அனுமதி வேண்டும். விலையும் என் பைக்கு எட்டாதது. இருந்த இடத்திலேயே வைத்தேன். பத்து நிமிஷம் கழித்து இன்னொரு முறை போய்த் தொட்டுப் பார்த்ததை மறைக்கவில்லை.

வாங்கியது ஒரு தேக்கரண்டி. காம்பில் தாமரை மொட்டு, நுனியில் சின்ன நெளிவு, அடியில் 800. நிச்சயமாக வயசு சொல்ல முடியாத சாதாரணக் கரண்டி. கடைக்கார அம்மா, "இபு, ஒரு சோதனை செய்து பார்க்கலாமா?" என்று நான் கேட்டதும் சிரித்தார். எதிர்க்கடையில் சுடச்சுட இஞ்சித் தண்ணீர் வரவழைத்து, என் கரண்டியையும் கடையின் எவர்சில்வர் கரண்டியையும் ஒரே கிளாஸில் போட்டோம். வெள்ளியைப்போல் சூட்டைக் கடத்தும் உலோகம் வேறில்லை. செம்பு மட்டும் நெருங்கி வரும், அதனால் இதையும் முழுச் சாட்சியாக எடுக்க முடியாது. எவர்சில்வர் காம்பு சும்மா இருந்தது. மொட்டைப் பிடித்திருந்த என் விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன். இபு விலையில் ஒரு பைசா குறைக்கவில்லை.